போய் வருகிறேன் என்று சொல்லவில்லை

கோயமுத்தூர்ப் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போகிறேன்" என்று சொல்லும் வழக்கமில்லை. "போயிட்டு வர்றனுங்க" என்றுதான் சொல்வோம். ஆனால் சென்ற மாதம் ஒரு சமூக வலைத்தளத்தை விட்டு வெளியேறியபோது நான் துணிந்து "போகிறேன்" என்றே சொன்னேன். கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டேன்.

செய்தி பரவியதும் ஆர். எஸ். புரத்து நண்பர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, கணக்கை மூடிப்போட்டா நீங்க உசிரோட இருக்கறது யாருக்குங்க தெரியும்? புஸ்தகத்தை யாருங்க வாங்குவாங்க?" என்றார். அவரைப்போல் நினைப்பவர்கள் ஏராளம். ஆகையால் பதிலை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

எழுத்தாளனுடைய உயிர் அந்தச் சுவரிலா இருக்கிறது? நம் கொங்கு நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பெருமாள்முருகன் திருச்செங்கோட்டைக் களமாக வைத்து எழுதிய 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. நாலு வருஷம் பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. 2014-இன் கடைசியில், நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சு நடந்தது. அதன் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். சமூக வலைத்தளங்களை விட்டு விலகுவதாகவும் சொன்னார். அந்தப் பேச்சில் ஏற்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னது. எழுதினார். அவருக்காக வலைத்தளங்களில் குரல் கொடுத்தவர்கள் பலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அவரை எழுப்பி உட்கார வைத்தது அந்தத் தீர்ப்பும், அவருடைய பேனாவுந்தான்.

அவர் துரத்தப்பட்டவர், நான் என் காலால் நடந்து வெளியேறியவன். அவர் நிழலில் நின்று தியாகி வேஷம் போட நான் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நான் நகலெடுத்தவர்கள் கட்சியில் இருந்தவன்!

போன வருஷம் ஓர் இளம் எழுத்தாளரின் கதையிலிருந்து ஆறு வரியை யாரோ பெயர்த்துப் போட்டிருந்தார்கள். படித்தேன், ரத்தம் கொதித்தது. காரசாரமாக நாலு வார்த்தை சேர்த்து நானும் பரப்பினேன். மாலைக்குள் முந்நூறு பேர் அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் கதையை முழுதும் படித்தேன். அந்த ஆறு வரியும், கதை எந்த மனிதனைச் சபிக்கிறதோ, அவன் பேசுகிற பேச்சு! மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதைத் திரும்பிப் பார்த்தவர்கள் பதினேழு பேர்.

திருச்செங்கோட்டில் நகல் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. இங்கே இயந்திரமே இரண்டையும் செய்கிறது. கோபம் இருக்குமிடத்தில் கூட்டம்; கூட்டம் இருக்குமிடத்தில் விளம்பரம். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். என்ன விலை என்று மாட்டுக்குத் தெரியாது. வலைத்தளத்தில் நான்தான் மாடு என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் வெடித்தபோது, முகநூல் நிறுவனமே கணக்குச் சொன்னது: இந்தியாவில் சம்பந்தப்பட்ட செயலியை ஏற்றுக்கொண்டவர்கள் 335 பேர், அவர்கள் வழியாக விவரம் போயிருக்கக்கூடியவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல்!

"அப்ப, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெக்கலாமுங்களே?" என்றார் நண்பர். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். முகநூலையே எடுத்துக்கொள்ளுங்கள். முடக்கி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அழித்துவிடு என்றாலும் 30 நாள் அவகாசம். அதற்குள் மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம். எல்லாவற்றையும் துடைக்க 90 நாள் வரை ஆகும். குடியை விட்டவனைக் கள்ளுக்கடைத் திண்ணையில் முப்பது நாள் உட்கார வைத்து, "யோசித்துச் சொல்" என்பது போலில்லையா இது?

அத்தனையும் துடைத்தாலும் பிறர் எடுத்து வைத்துக்கொண்ட நகல் போகாது. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் எழுதிய நாலு வார்த்தை இன்றைக்கும் யாரிடமாவது இருக்கும். அதை அழிக்க எந்தப் பொத்தானும் கிடையாது.

எல்லோரும் மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பத்திரிகையும் கதவு திறக்காத எத்தனையோ பேருக்கு அந்தச் சுவர்தான் முதல் பக்கம். ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? முந்நூறு பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள் என்று வாசகரைக் கேட்கிறவன், ஆறு வரியைப் பார்த்துத் தண்டனை சொல்லும் பஞ்சாயத்தில் போய் உட்காரலாமா? உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். புத்தகம் விற்காவிட்டால் போகட்டும்.

அந்த இளம் எழுத்தாளரின் தொகுதியில் இரண்டு பிரதி வாங்கி வைத்திருந்தேன். ஒன்றை நண்பர் கையில் கொடுத்து, "முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்" என்றேன். வாங்கிக்கொண்டார்.

"சரிங்க, போயிட்டு வர்றனுங்க" என்று கிளம்பினார்.