வஞ்சனை நடித்தவர் காத்த வாக்கு

மல்யுத்தத்தைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதப் புகுந்தமைக்கு அன்பர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவோம். அதுவும் ஒலிம்பிக் ஆட்டங்களில் நிகழும் மற்போர் அன்று. வெற்றி தோல்வியை முன்னரே வகுத்துக்கொண்டு அமெரிக்க நாட்டார் ஆடும் தொழில்முறைக் குஸ்தி. இது போட்டியன்று, பொழுதுபோக்கே என்று அந்நாட்டின் பெரிய நிறுவனம் ஒன்று 1989ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநில அதிகாரிகளிடம் தானே ஒப்புக்கொண்டுவிட்டது. முடிவு தெரிந்த சண்டையிற் பார்ப்பதற்கு என்ன உண்டு என்று கேட்பார்க்கு ஒரு வினா: இராவணன் மாள்வான் என்பதை அறியாமலா விடிய விடியக் கூத்துப் பார்க்கின்றோம்? பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலாண் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தோலொஜீஸ்' என்னும் நூலின் முதற் கட்டுரையையே இம்மல்யுத்தத்துக்கு ஒதுக்கினார். இது விளையாட்டன்று, காட்சி என்பது அவர் துணிபு. காட்சியாயின் அதனை ஆராயும் உரிமை இப்பக்கத்துக்கும் உண்டு.

அக்காட்சியில் அடிக்கடி வரும் கட்டம் ஒன்றுண்டு. சபையோரின் கைதட்டலைப் பெற்று நின்ற ஒரு குழு, தன்னோடு தோள்கொடுத்து நின்றவனையே ஒருநாட் சூழ்ந்து அடித்துத் துட்டர் வேடம் பூணுகின்றது. இதற்கு நாம் அறிந்தவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு, 1990 பெப்ரவரி 6ஆந் திகதி ரெக்சஸ் மாநிலத்துக் கோர்ப்பஸ் கிறிஸ்ரி நகரில் நடந்தது.

அக்குழுவின் பெயர் 'நான்கு குதிரைவீரர்'. விவிலியத்தின் இறுதி நூலில் உலகுக்கு அழிவு கொணரும் நால்வரின் பெயர் அது. தாமே விரும்பி அப்பெயரைச் சூடியோர் எத்தகையோர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தலைவர் றிக் பிளேயர்: பொன்னிற முடி, மின்னும் அங்கி, உலக வீரர் பட்டம், அதனினும் பெரிய தற்பெருமை. அவருக்குத் துணை ஆர்ன் அண்டர்சன், ஓல் அண்டர்சன் என்போர். இவர்தம் பழைய வரலாறு சபையோர்க்கு மறந்ததன்று. 1985 செப்டெம்பர் 29இல் அத்லாந்தா நகரில், இரும்புக் கூண்டினுள் அகப்பட்ட பிளேயரைக் காக்க டஸ்டி றோட்ஸ் என்பார் ஓடிவந்தார். அவர் ஒரு குழாய் திருத்துவோரின் மகன். உழைக்கும் மக்களின் செல்லப்பிள்ளை. காத்தவரையே பிளேயரும் அண்டர்சன்மாரும் கூண்டினுள் வைத்துப் பூட்டி, அவர் கணுக்காலை முறித்தனர். முறித்ததாக நடித்தனர் என்க. அந்நிறுவனத்தில் கதை வகுக்கும் பொறுப்பு அக்காலத்தில் டஸ்டி றோட்சிடமே இருந்தது. தாம் வஞ்சிக்கப்படும் கதையைத் தாமே வகுத்துத் தாமே அடிபட்டவர் அவர்!

நிற்க. 1989ஆம் ஆண்டின் நடுவில் குதிரைவீரரின் தலைவர் திருந்தியவர்போற் காணப்பட்டார். பிறர் அவரைத் தாக்கியபோது 'ஸ்டிங்' என்ற இளைஞர் துணைநின்றார். முகத்தில் வண்ணம் தீட்டி, நெஞ்சில் அடித்து ஆர்ப்பரித்து வரும் அவரைச் சிறுவர்கள் கொண்டாடினர். அவ்வாண்டு ஒக்ரோபர் 28இல் பிலடெல்பியாவில் இருவரும் ஒரு கட்சியாய் நின்று வென்றனர். டிசெம்பர் 13இல் அத்லாந்தாவில் நடந்த சுற்றுப்போட்டியில் ஸ்டிங் பிளேயரையே வீழ்த்தி முதலிடம் பெற்றார். தோற்றவர் சினவாது தழுவிக்கொண்டார். குழு மீண்டும் கூடியபோது நான்காமவராக ஸ்டிங்கையே சேர்த்தனர். அரங்கம் மகிழ்ந்தது. ஆயினும் பழைய கதை அறிந்தோர் நெஞ்சில் ஓர் உறுத்தல் இருந்திருக்கும். இக்கட்டத்தின் நயம் அங்கேதான் உள்ளது. வரப்போவதை ஊர் முழுதும் அறியும். அறியாதவன் ஒருவனே, அவன் மேடையில் நிற்கின்றான்.

பின்பு பட்டப் போட்டி குறிக்கப்பட்டது: பிளேயருக்கு எதிராக ஸ்டிங், பெப்ரவரி 25. நட்பும் பட்டமும் ஒன்றோடொன்று மோதும் இடம் வந்துவிட்டது. கோர்ப்பஸ் கிறிஸ்ரியில் மூவரும் ஸ்டிங்கை நடுவே நிறுத்தி, குழுவிலிருந்து நீக்கிவிட்டோம் என்றனர், பட்டப் போட்டியைக் கைவிடுமாறு எச்சரித்தனர், ஈற்றில் தாக்கினர். அச்சுறுத்தும் வேலையைப் பெரிதும் செய்தவர் மூத்தவராகிய ஓல் அண்டர்சன். முரட்டுக் குரலும் தாடியும் உடைய அவர் குழுவின் சார்பிற் பேசியது, பங்காளியை வீட்டைவிட்டு விலக்கும் பெரியவர் பேசுவதுபோல் இருந்தது. பிளேயரே முதலிற் கைநீட்டியிருப்பின் அது வெறும் பொறாமைச் சண்டையாய்ப் போயிருக்கும்.

துட்டர் காரணத்தோடு துட்டராதல் வேண்டும். இவர்க்குக் காரணம் இருந்தது. அவர் பக்கம் நின்று நோக்கின் அது நியாயமாகவும் தோன்றும். தலைவனின் பட்டத்தை விரும்புவோன் எங்ஙனம் குழுவில் இருத்தல் கூடும்? தவறு செய்வோன் தன்னைத் தவறுடையோன் என்று கருதாமை நல்ல நாடகத்தின் இலக்கணம். எனினும் ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒக்ரோபர் தொடக்கம் பெப்ரவரி வரை நான்கு திங்களே சென்றன. நட்பை இன்னும் சற்று முற்றவிட்டிருக்கலாம். இக்காலத்து நிறுவனங்களோ அதனையும் பொறுப்பதில்லை; திங்கள்தோறும் ஒரு துரோகம் அரங்கேறுகின்றது. கூலிக்கு மாரடிப்பதுபோல் துரோகம் நிகழின் எவர் நெஞ்சம் பதறும்?

அன்றிரவின் பிற்பகுதியில் நிகழ்ந்ததை எவரும் வகுக்கவில்லை. குதிரைவீரர் மூவரும் வேறு மூவரோடு இரும்புக் கூண்டினுள் மோதிக்கொண்டிருந்தனர். பழிவாங்கத் துடித்த ஸ்டிங் கூண்டை நோக்கி ஓடிவந்து பாய்ந்தார், காவலர் தடுத்தனர். கதைப்படி அவ்வளவே. ஆனால் அப்பாய்ச்சலில் அவர் முழங்காற் சில்லின் தசைநாண் மெய்யாகவே அறுந்துபோயிற்று. பொய்யாக அடித்த மூவரின் கையால் ஊறுபடாதவர், ஒருவரும் தொடாதபோது ஊறுபட்டார். சத்திரசிகிச்சையும் பல திங்கள் ஓய்வும் தேவைப்பட்டன. பெப்ரவரி 25இல் கிறீன்ஸ்பரோ நகரில் பட்டப் போட்டிக்கு அவருக்குப் பதிலாக இறங்கியவர் லெக்ஸ் லூகர். அவர் அதுவரை துட்டராய் இருந்து அவ்வேளையில் நல்லவரானவர். ஊன்றுகோலோடு அருகே நின்ற ஸ்டிங்கை அண்டர்சன்மார் தாக்க, காக்கச் சென்ற லூகர் நடுவர் எண்ணி முடிப்பதற்குள் கோதாவுக்குத் திரும்பாது தோற்றார். நண்பரென்று இருந்தோர் பகைவராயினர். நேற்றைய துட்டர் நண்பனுக்காகப் பட்டத்தை இழந்தார். அவசரத்தில் மாற்றி அமைத்த கதைக்கு இஃது எவ்வளவோ மேல்.

இனி, திரைக்குப் பின்னால் நடந்தது. ஸ்டிங் வீழ்ந்தபின் பட்டத்தை லூகருக்கு மாற்றிவிடலாம் என்பது நிறுவனத்து மேலிடத்தின் எண்ணம். பிளேயர் இணங்கவில்லை. இப்பட்டத்தை ஸ்டிங்குக்கு விட்டுத்தருவதாக வாக்களித்துள்ளேன்; அவர் குணமாகி வரும்வரை வைத்திருப்பேன் என்று மறுத்ததாகப் பிளேயரே பின்னாளிற் கூறியுள்ளார். சிறிய பிணக்கன்று அது; மேலிடத்தோடு அவருக்கு இருந்த கசப்பு அதனால் மேலும் வளர்ந்தது. 1990 யூலை 7இல் பால்ரிமோர் நகரில், ஓல் அண்டர்சனைக் கைவிலங்கிட்டு நிறுத்திவிட்டு, ஸ்டிங் பிளேயரை மடக்கிப் பட்டத்தை எடுத்தார். சொன்ன சொல்லின்படி பிளேயர் தோற்றார்.

மேடையில் நண்பனை விற்றவர் மேடைக்கு வெளியே நண்பனுக்காகக் காத்திருந்தார் என்பதே இவ்வரலாற்றில் நம்மை ஈர்த்தது. இத்தொழிலின் இயல்பே அத்தகையது. ஒருவனைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் அறையும்போது, தூக்கப்பட்டவன் கழுத்து தூக்கியவன் கையில் இருக்கின்றது. கைநழுவினால் நடிப்பு உயிர்க்கேடாகும். ஆதலின் மூவர் கூடி ஒருவனை வஞ்சிக்கும் காட்சியைக் காட்டவேண்டுமாயின், அந்நால்வரும் ஒருவரையொருவர் முற்றும் நம்பியிருத்தல் வேண்டும். அன்றியும் துட்டர் ஏற்கும் வசையெல்லாம் மற்றவனை உயர்த்துதற்பொருட்டே. தொல்காப்பியர் வெகுளி பிறக்கும் இடங்களுள் அலைத்தலையும் ஒன்றாக வைத்தார். அலைக்கப்படுவோன் பக்கம் சபையின் வெகுளி முழுதும் திரளும்படி செய்தல் எளிய கலையன்று. தன்னை வெறுக்கச் செய்து பிறனை விரும்பச் செய்வோன் தன் புகழையே விலையாகக் கொடுக்கின்றான். பிளேயர் கொடுத்தார். தாமும் தம் அங்கிகளுக்கும் விமானப் பயணங்களுக்கும் குறைவின்றிப் புகழ் தேடிக்கொண்டார் என்பது வேறு.

ஓல் அண்டர்சன் 2024 பெப்ரவரி 26இல் மறைந்தார். ஸ்டிங் தமது இறுதி ஆட்டத்தை ஆடியது அதே கிழமை, மார்ச் 3ஆந் திகதி. இடம், முன்பு ஊன்றுகோலோடு நின்ற அதே கிறீன்ஸ்பரோ. அறுபத்து நான்கு வயதில் முகத்தில் வண்ணம் தீட்டி வந்தவரைப் பார்க்க, தலை நரைத்த பிளேயரும் அன்று அங்கே வந்திருந்தார்.