பெரிய கப்பலா, சிறிய கப்பலா?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலைக்கு இரவு, பகல் என்ற வேறுபாடு கிடையாது. கன்டெய்னர் லாரிகளும், புதிய கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட டிரெய்லர் வண்டிகளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கார்களுள் பல சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கோ சென்று, கப்பலேறி அயல்நாடுகளை அடைகின்றன. ஆனால் அவற்றைத் தம் கைகளால் உருவாக்கும் நம் மக்களுள் பெரும்பாலோர் கப்பலில் கால் வைத்தவர்கள் அல்லர்.

இந்நிலை இப்போது மெல்ல மாறி வருகிறது. விடுமுறைக்குக் கப்பலில் சென்று வரலாம் என்ற ஆசை நம் பகுதிக் குடும்பங்களிலும் எழுந்திருக்கிறது. ‘சாமி, எல்லா வசதியும் உள்ள பெரிய கப்பலில் போவது நல்லதா? செலவு குறைந்த சிறிய கப்பலில் போவது நல்லதா?’ என்று சிலர் என்னிடம் கேட்டனர். இது குருவிடம் கேட்கத்தக்க வினாவா என்று ஒருசிலர் நகைக்கக்கூடும். நான் நகைக்கவில்லை. கணவன் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் வேளையில் மனைவி கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நிற்கிறாள். பிள்ளைகளோ பாட்டியின் பொறுப்பில் வளருகின்றனர். இத்தகைய குடும்பம் ஆண்டில் நான்கைந்து நாட்கள் ஒன்றாயிருக்க விரும்புமானால், அந்நாட்களை எங்கே, எவ்வாறு கழிப்பது என்பது இல்லறத்தைப் பற்றிய வினாவே ஆகும்.

ஓய்வு என்பது சோம்பல் அன்று. உழைத்துக் களைத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுமாறு அழைத்தவர் நம் ஆண்டவரே. அவர்கள் அங்குச் சென்றதும் படகிலேதான். 1981-ஆம் ஆண்டு வெளியான தொழில் பற்றிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், வாராந்தர ஓய்வோடு ஆண்டு விடுமுறையையும் தொழிலாளியின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணுகிறார். நம் முன்னோர்க்கு இவ்வுரிமை கிட்டவில்லை. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதன் மேல்தளத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் பாய் விரித்துப் படுத்துச் சென்றனர். அவர்கள் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள்; எந்தக் கப்பல் நல்லது என்று ஆராயும் நிலையில் அவர்கள் இல்லை. உழைக்கும் குடும்பம் இன்று ஓய்வுக்காகக் கடலேற நினைப்பது, அவ்வகையில் நன்றியோடு ஏற்கத்தக்க வளர்ச்சியே.

இனி வினாவுக்கு வருவோம். பெரியது, சிறியது என்பதை எதைக்கொண்டு அளப்பது? கப்பலைப் பற்றிப் பேசுவோர் ‘இத்தனை டன்’ என்று கூறும்போது, அது பெரும்பாலும் கப்பலின் எடையைக் குறிப்பதன்று. அதன் உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவைக் குறிப்பதாகும். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ ஏறத்தாழ 48,500 டன் கொள்ளளவு உடையது. 211 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் 1990-இல் பிரான்ஸ் நாட்டிலிருந்து வெளிவந்தது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் சுமார் 46,300 டன். எனவே நம் கண்ணுக்கு ‘எம்பிரஸ்’ ஒரு மிதக்கும் மாளிகையாகவே தோன்றும். ஆயினும் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ ஏறத்தாழ 2,48,000 டன் உடையது. அதில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். பணியாளர்கள் மட்டுமே 2,350 பேர். அதன் அருகில் ‘எம்பிரஸ்’ சிறு கப்பலாகவே காணப்படும்.

சிறியவற்றுக்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-ஆம் நாள் ‘செரியபாணி’ என்னும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. பருவமழையால் சில நாட்களில் அது நின்றது. பின்னர் 2024 ஆகஸ்டு 16-ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கப்பலைக்கொண்டு அப்போக்குவரத்து மீண்டும் தொடங்கப்பட்டது. இருக்கைகள் சுமார் 150. இது உல்லாசக் கப்பல் அன்று. கடலைக் கடப்பிக்கும் கப்பல். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்க்கும். இன்னும் சிறியது வேண்டுவோர்க்கு ஆலப்புழையின் கெட்டுவள்ளங்கள் இருக்கின்றன. ஒரே குடும்பம் தங்கத்தக்க வள்ளங்களும் அவற்றுள் உண்டு.

பெரிய கப்பலின் நன்மைகளை முதலில் கூறுவதே நேர்மை. பெரிய உடலும், நீருக்கடியில் இருமருங்கும் சிறகுபோல் நீளும் நிலைப்படுத்திகளும் உடைய கப்பலில் ஆட்டம் குறைவு. அதிலே மருத்துவர் இருப்பார், லிப்டு இருக்கும். மூட்டுவலியால் படியேற முடியாத தாயும், சக்கர நாற்காலியில் அமர்ந்த தந்தையும் உணவுக்கூடம் வரை வந்து குடும்பத்தோடு உண்ணலாம். மூட்டை முடிச்சுகளை ஊருக்கு ஊர் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் அடுப்பங்கரையில் நிற்கும் இல்லத்தரசிக்கு மூன்று நாட்கள் சமையல் இல்லை என்பதே பெரும் விடுதலையன்றோ?

குறைகளும் உண்டு. மிகப் பெரிய கப்பல்கள் சிறிய துறைமுகங்களுக்குள் நுழைய இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்பதுண்டு. அப்போது பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுசெல்வர். இறங்கவும் ஏறவும் வரிசையில் நின்றே பாதிப் பகல் கழிந்துவிடும். அன்றியும், நோய் புகுந்துவிட்டால் கூட்டமே ஆபத்தாகும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் ஏறத்தாழ 3,700 பேர் அடைபட்டுக் கிடந்ததையும், அவர்களுள் 700 பேருக்கு மேல் கொரோனா நோய் தொற்றியதையும் உலகம் மறக்கவில்லை.

இவற்றினும் நான் அஞ்சுவது வேறொன்று. ஒன்றாயிருக்க விரும்பிச் சென்ற குடும்பத்தைப் பெரிய கப்பல் எளிதில் சிதறடித்துவிடும். மகன் விளையாட்டுக் கூடத்தில், மகள் நீச்சல் குளத்தருகே, தாய் கடையில், தந்தை மதுக்கூடத்தில் என்று நால்வரும் நான்கு தளங்களில் பொழுது போக்கினால், அவர்கள் தத்தம் ஷிப்டுகளையே கடலிலும் கடைப்பிடிப்பவர் ஆகின்றனர். இத்தகைய கப்பல்கள் பலவற்றில் சூதாட்டக் கூடமும் இருக்கிறது. ஓராண்டு ஓவர்டைம் செய்து சேர்த்த பணம் ஓரிரவில் அங்குக் கரைந்துவிடக்கூடும் என்பதைக் குடும்பத் தலைவர்கள் மனத்தில் கொள்வார்களாக.

சிறிய கப்பலின் சிறப்பு யாதெனில், அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. நால்வரும் அருகருகே அமர்ந்துதான் ஆகவேண்டும். பேச்சு தானாகவே பிறக்கும். காங்கேசன்துறையில் இறங்கினால், இருபது கிலோமீட்டருக்குள் யாழ்ப்பாணம். தமிழ் பேசும் மக்களையும், அவர்கள் துயரங்களுக்கிடையே காத்த விசுவாசத்தையும் நம் பிள்ளைகள் நேரில் காணலாம். புறப்படும் நாகப்பட்டினத்துக்கு அருகிலேயே வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலம் இருப்பதால், பயணத்தைத் திருப்பயணமாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

ஆனால் சிறிய கப்பலை அலை எளிதில் ஆட்டும். பழக்கமில்லாதவர்க்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். கடல் சினந்தால் பயணமே நின்றுபோகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் மிகுதி. மூன்று நாள் விடுப்பில் சென்றவர் ஐந்தாம் நாளும் அக்கரையில் நிற்க நேர்ந்தால், தொழிற்சாலையின் வருகைப் பதிவு அவருக்காகக் காத்திராது. ஆகவே இவ்வழி செல்வோர் ஓரிரு நாள் விடுப்பைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளல் நலம். பாஸ்போர்ட்டும் நுழைவு அனுமதியும் வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது.

‘எது பாதுகாப்பானது?’ என்பது அடுத்த வினா. பெருமையை நம்பிப் பயனில்லை என்பதற்கு டைட்டானிக் சாட்சி. அதில் 2,200 பேருக்கு மேல் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம். 1,500 பேருக்கு மேல் மாண்டனர். நூறு ஆண்டுகளுக்குப் பின், 2012 ஜனவரி 13-ஆம் நாள், இத்தாலியின் ஜீலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் உயிரிழந்தனர். அக்கப்பலில் கடைசியாக ஏறியவர்களுக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்கப்படுமுன்பே விபத்து நேர்ந்தது. அதன் விளைவாக, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ அப்பயிற்சியை நடத்த வேண்டும் என்ற விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பயிற்சிக்கு அழைக்கும் மணி ஒலிக்கும்போது அறையிலேயே படுத்திராதீர்கள்.

சிறியதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இயலாது. 2023 மே 7-ஆம் நாள் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். எனவே எத்துணைச் சிறிய படகாயினும், உயிர்காப்பு உடை ஒவ்வொருவருக்கும் உண்டா, குழந்தைகளுக்கேற்ற அளவில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் செலுத்திய பணம் போனாலும் போகட்டும் என்று கரையிலேயே நின்றுவிடுங்கள்.

புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குச் சென்ற கப்பலில் 276 பேர் இருந்ததாகத் திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. அக்காலத்துக்கு அது பெரிய கப்பலே. மால்டா தீவருகே அது உடைந்தது. ஆயினும் ஒருவர்கூட அழியவில்லை. பசித்துக் களைத்தோரை உண்ணச் செய்து, நீந்தத் தெரியாதோரையும் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரைசேர விட்டதால் அனைவரும் பிழைத்தனர். வலியவர் தப்பி ஓட மெலியவர் கைவிடப்படும் கப்பல் எவ்வளவு பெரியதாயினும் அது மூழ்கும் கப்பலே.

இதிலிருந்துதான் என் விடையும் பிறக்கிறது. கப்பலை அதன் நீளத்தாலும் தளங்களாலும் அளக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் மிகவும் மெலிந்தவரைக் கொண்டு அளந்து பாருங்கள். அம்மெலிந்தவர் முதிய தாயென்றால் லிப்டும் மருத்துவரும் உள்ள பெரிய கப்பலே தக்கது. அவருக்காகக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையைக் கேட்டுப் பெறுங்கள். அங்கு ஆட்டம் குறைவு. பெற்றோரின் முகத்தைக் காணாமல் வாடிய பிள்ளை என்றால், சிறிய கப்பலோ கெட்டுவள்ளமோ போதும். அவனுக்குத் தேவை நீங்கள்தாம், நீச்சல் குளம் அன்று. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருப்பின் இவ்வாண்டு கடலே வேண்டாம். 24 வாரம் கடந்த கர்ப்பிணியரையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் ஏற்பதுமில்லை. வீட்டின் மெலிந்த பகுதி பணப்பையே என்றால், முட்டுக்காட்டில் ஒரு மாலைப் படகுச் சவாரியும் மணலில் அமர்ந்து பகிர்ந்த கட்டுச்சோறும் எக்கப்பலுக்கும் குறைந்தவை அல்ல. நகையை அடகு வைத்துக் கப்பலேறாதீர்கள். பயணச்சீட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. துறைமுகக் கட்டணம், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, அன்பளிப்பு எனப் பின்தொடர்வன பல. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

மெலிந்தவரைப் பற்றிப் பேசும்போது உங்கள் குடும்பத்துக்கு வெளியே உள்ள மெலிந்தவரையும் நினைவூட்டுவது என் கடமை. உங்கள் படுக்கையை விரிப்பவரும், தட்டைக் கழுவுபவரும், அடித்தளத்தில் எந்திரத்தின் அருகே வியர்ப்பவரும் மாதக்கணக்காகத் தம் பிள்ளைகளைக் காணாதவர்கள். கடல் தொழிலாளர் பற்றிய 2006-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் அவர்களுக்குக் குறைந்தது 10 மணி ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதனை 2015-இல் ஏற்றுக்கொண்டது. ஷிப்டும் ஓவர்டைமும் இன்னவென்று அறிந்த நீங்கள், அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுங்கள். 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றிய ‘கடலின் விண்மீன்’ என்னும் நம் திருச்சபையின் பணி, துறைமுகந்தோறும் இத்தகையோரைத் தேடிச் செல்கிறது. ஜூலை இரண்டாம் ஞாயிறன்று திருச்சபை கடல் தொழிலாளர்க்காக வேண்டுகிறது; அன்று நீங்களும் உங்களுக்குப் பரிமாறியவரை நினைந்து வேண்டுங்கள்.

ஆகவே, அன்பர்களே, பயணத்தை முடிவு செய்யுமுன் ஓர் இரவு அனைவரும் ஒன்றாக அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். பின்னர் வீட்டில் குறைவாகப் பேசுபவர் எவரோ, அவரிடம் முதலில் கேளுங்கள்: ‘உனக்கு எது வேண்டும்?’ அவர் கூறும் விடையிலேயே உங்கள் கப்பல் எது என்பது தெரிந்துவிடும். ஞாயிறு இடைப்படுமாயின் திருப்பலிக்கு வழியுண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றையும் கடலையும் அடக்கிய ஆண்டவர் உங்களோடு பயணம் செய்வாராக! கடலின் விண்மீனாகிய நம் அன்னை உங்களை நலமே கரைசேர்ப்பாராக!