கண்ணாடி இல்லாத வார்டு

தாடை நொறுங்கியவனுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் யார் என்று கேட்டால் வீட்டார் உடனே பெயர் சொல்வார்கள். இரவெல்லாம் தலைமாட்டில் விழித்திருந்த நர்ஸ் யார் என்றால் விழிப்பார்கள். இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல.

முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்து வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மறுமுகம் அமைத்துக் கொடுத்தவர் ஹரால்ட் கில்லீஸ். 1916-ல் ஆல்டர்ஷாட் ராணுவ ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார். 1917-ல் ஸிட்கப் என்ற ஊரில் இதற்கென்றே தனி ஆஸ்பத்திரி எழுந்தது. 5,000 பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள். ஆபரேஷன்கள் 11,000-க்கும் அதிகம். கில்லீஸுக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது. தகுதியானவர்தாம், சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆபரேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதக் கணக்கில் அந்த மனிதன் யார் கையில் இருந்தான்?

கீழ்த்தாடை போனவனை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். முன்னால் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். பாலும் முட்டையும் மூக்குக் கிண்ணத்தில் ரப்பர்க் குழாய் மாட்டிச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். ஒழுகும் எச்சிலைத் துடைத்து, நாற்றம் பாராமல் வாயைக் கழுவ வேண்டும். இதற்கெல்லாம் பட்டம் ஏது?

ஆல்டர்ஷாட் வார்டில் கண்ணாடிக்குத் தடை இருந்தது. அங்கே வேலை பார்த்த காதரின் பிளாக் என்ற நர்ஸ், 1939-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஒரு கார்ப்பொரலைப் பற்றி எழுதியிருக்கிறார். அவன் தன் சவரக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டான். ஊரில் காத்திருந்த காதலிக்கு, பாரிஸில் வேறொரு பெண்ணைச் சந்தித்துவிட்டதாகப் பொய்யாக ஒரு கடிதம் எழுதி, கல்யாணத்தை முறித்துக் கொண்டான்!

கண்ணாடியை ஒளித்தது இரக்கத்தால்தான். ஆனால் கட்டு மாற்ற வருகிறவளின் முகத்தை எங்கே ஒளிப்பது? நோயாளி தன்னை முதலில் பார்த்துக்கொள்வது அதில்தான். அவள் ஒரு கணம் முகம் சுளித்தால் போதும், கில்லீஸ் செய்ததெல்லாம் பாழ்.

இங்கே யுத்தம் இல்லை, புகையிலை இருக்கிறது. வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையை இழந்தவர்கள் நம் ஆஸ்பத்திரிகளில் ஏராளம். மோட்டார் சைக்கிள் விபத்துக்காரர்கள் வேறு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டியிருக்கும் நோயாளிக்குத் திடீரென்று வாந்தி வந்தால் மூச்சுத் திணறும். கம்பியை அந்த நிமிஷமே வெட்ட வேண்டி வரலாம். அதற்காகத்தான் கட்டிலோரத்தில் வெட்டுக் குறடு. குறடு தொங்கி என்ன பயன், நர்ஸ் வார்டின் மறுகோடியில் பத்துப் பேருக்கு நடுவில் நின்றால்? கூப்பிடவும் அவனுக்கு வாயில்லை.

படுக்கைகளை எண்ணி நர்ஸுகளைப் போடுவது கணக்குக்குச் சௌகரியம். குடலிறக்க ஆபரேஷன் ஆனவன் இரண்டொரு நாளில் தானே இட்டிலி விண்டு சாப்பிடுவான். தாடை நோயாளிக்கு ஒருவேளைக் கஞ்சி குழாயில் இறங்கவே அரைமணி ஆகலாம். இரண்டையும் ஒரே படுக்கையென்று எண்ணுவது என்ன நியாயம்? இந்த வார்டுக்கு, அதிலும் இராத்திரி வேளைக்கு, நர்ஸுகளைக் கூட்டித்தான் ஆகவேண்டும். கூடவே கட்டிலுக்கு ஒரு சிலேட்டும் ஒரு மணியும் வாங்கிக் கொடுக்கட்டும். அதற்கு மந்திரிசபை கூட வேண்டியதில்லை.