மூணே சென்சார் போதும்!

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் சென்சார் கூடினால் மார்க்கும் கூடும்னு நம்மிடம் ஒரு நம்பிக்கை. 2006-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற ‘ஸ்மார்ட்பில்’ கேப்ஸ்யூலைப் பாருங்க. அது அளந்தது மூணே விஷயம்: பி.எச்., அழுத்தம், வெப்பநிலை.

இரைப்பையில் அமிலம், அதனால் பி.எச். குறைவு. சிறுகுடலுக்குள் போனதும் சட்டென்று ஏறும். பெருங்குடலில் நுழையும்போது கொஞ்சம் இறங்கும். உடலை விட்டு வெளியேறினால் வெப்பநிலை விழும். இந்த நேரங்களைக் கழித்துப் பார்த்தாலே எந்தப் பகுதி மந்தம்னு தெரிஞ்சிடும். கேமராவும் வேண்டாம், கதிரியக்கப் பொருள் கலந்த உணவும் வேண்டாம். புத்திசாலித்தனம் சென்சாரில் இல்லை, சிக்னலைப் படிப்பதில்தான்.

இவ்வளவு இருந்தும் மெட்ரானிக் நிறுவனம் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. வேலை செய்கிற கருவி எல்லாம் சந்தையில் நிலைக்கும்னு சொல்ல முடியாது. பயன்படுத்தியவர்களுக்குத்தான் இழப்பு: தீராத மலச்சிக்கலோடும் வயிற்று உப்புசத்தோடும் அலைகிற நோயாளிக்கு ஒரு எளிய வழி குறைஞ்சு போச்சு.

அதனால பயோமெடிக்கல் ப்ராஜெக்ட் எடுக்கிறவங்க நாலாவது சென்சாரைத் தேட வேண்டாம். ஒருமுறை விழுங்கினால் தீர்ந்துபோகும் கேப்ஸ்யூலை எவ்வளவு மலிவா செய்யலாம், குடலில் சிக்கினால் என்ன செய்வது? ரிவ்யூவில் முதல்ல கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.