அம்பாசிடரா, பத்மினியா?

பழைய கார் ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு போய்வரும் ஆசை இப்போது இளைஞர்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் அந்த ஆசை பெரும்பாலும் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி. அழகை விட்டுவிடலாம், அது அவரவர் கண். ஓட்ட எது நல்லது?

இரண்டுக்கும் பூர்வீகம் வெளிநாடு. அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. 'பத்மினி' என்ற பெயர் வந்தது 1974-ல். நாட்டியப் பேரொளியை நினைத்துவிட வேண்டாம், இது சித்தூர் ராணி பத்மினி! பழைய ஆட்களுக்கோ அது கடைசிவரை 'ஃபியட்'தான்.

அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு சுமார் 50 குதிரைத்திறன். பத்மினியின் 1,089 சிசி இன்ஜினுக்கு சுமார் 40. ஆனால், அம்பாசிடரின் எடை 1,100 கிலோவைத் தொடும். பத்மினி 900 கிலோதான். கணக்குப் போட்டால் இரண்டிலும் ஒவ்வொரு குதிரையும் இழுக்கும் சுமை ஏறக்குறைய ஒன்றே!

வித்தியாசம் தெரிவது ஆள் ஏறிய பிறகு. அம்பாசிடர் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவை தரும். பின்சீட்டில் மூன்று பேர், மேலே கேரியரில் மூட்டை என்றாலும் அலட்டிக்கொள்ளாது. பத்மினியில் மேடு வந்தால் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். (டீசல் அம்பாசிடர் தனி ரகம். அதனிடம் வேகத்தை மட்டும் கேட்கக் கூடாது.)

வளைவுகளில் கதை மாறுகிறது. பத்மினியின் நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு, அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. சந்துகளிலும் நெரிசலிலும் புகுந்து வரும். ஒரு தலைமுறையே கார் ஓட்டக் கற்றது இதில்தான் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. அம்பாசிடரின் ஸ்டீயரிங், நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டையைக் கேட்கும். வளைவில் வேகமாகத் திருப்பினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். வழவழப்பான நீண்ட சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் கூடவே சரிவார்கள். ஆனால், குண்டும் குழியுமான ரோட்டில் பெரிய சக்கரங்களோடு மிதந்து போகும் சுகத்தை பத்மினி தராது.

ஓட்டுபவருக்கு பத்மினி, உட்கார்ந்து வருபவருக்கு அம்பாசிடர் என்று தீர்ப்பு சொல்லிவிடலாம். ஆனால், வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அம்பாசிடரும் பெரும்பாலான வருடங்கள் அப்படித்தான். பின்னாளில் வந்த சிலவற்றில்தான் முன்பக்கம் டிஸ்க். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறை மலைப்பாதையில் இறங்கும்போது அப்படி ஆனால் என்ன செய்வது? ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்காகத்தான். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் உள்ள காரில் ஓட்டிப் பழகிய பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் முன் இதைக் காலி ரோட்டில் பழக்கிவிடுங்கள். முன்னால் போகும் இன்றைய கார் சட்டென்று நிற்கும். உங்கள் கார் நிற்காது.

விலை பேசும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். 15 வருடம் முடிந்த சொந்தக் காருக்கு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத காரை 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விண்டேஜ்' வண்டியாகவும் பதியலாம். ஆனால், அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்குப் போய்வர முடியாது.