கீரமங்கலத்திலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்களின் கொள்கைப் பிரகடனம்

கீரமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம், குளமங்கலம், கொத்தமங்கலம், செரியலூர் ஊர்களிலிருந்து புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் பேராவூரணிக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகிற பெண்களும் ஆண்களும், படித்து முடித்தவர்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெண் என்றால் இப்படி, ஆண் என்றால் இப்படி என்று கல்லூரி எங்களுக்குத் தினமும் ஒரு பாடம் நடத்துகிறது. அதற்குப் பாடத்திட்டம் கிடையாது, தேர்வு மட்டும் உண்டு. அந்தத் தேர்வை இனி எழுத மாட்டோம்.

அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பல கல்லூரிகளில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஆண்கள் பெயர்கள் அகர வரிசையில் முடிந்த பிறகுதான் பெண்கள் பெயர்கள் தொடங்கும். ஆய்வகத்தில் வரிசை எண்படி ஒரு மேசைக்கு நாலு பேர் என்று பிரித்தால் ஆண் மேசை, பெண் மேசை தானாக அமைந்துவிடும். யாரும் பிரித்ததாகவே தெரியாது. தப்பித் தவறிக் கலந்து அமைந்த மேசையில் கருவியை அவன் இயக்குவான், அளவை இவள் குறித்துக்கொள்வாள். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதும் இவள் வேலைதான். "உன் கையெழுத்து அழகா இருக்கு, எனக்கும் எழுதிக் குடேன்" என்று கேட்டால் மறுக்கத் தோன்றாது. மூன்று வருஷம் போனதும் அவனுக்குக் கருவி பழகியிருக்கும், இவளுக்குக் கையெழுத்து இன்னும் அழகாகியிருக்கும். அப்போது சொல்வார்கள், பொம்பளப் புள்ளைகளுக்கு மெஷின் வராது என்று. வராமல் போனது எந்த மேசையில் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம்.

துறை விழாவிலும் இதே கதைதான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நிற்கப் பெண்கள். நாற்காலி தூக்க, ஃபிளெக்ஸ் கட்ட, மைக்செட்காரரிடம் பேச ஆண்கள். மேடைக்குப் பூத் தொடுக்க வேண்டுமென்றாலும் மாணவிகளைத்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் பூ விளைகிற ஊர்க்காரர்கள், எங்களுக்கு அந்த வேலை தெரியும். கடைத்தெருவில் நார் பிடித்து மாலை கட்டிக் காசு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுத் திண்ணையில் சரம் தொடுக்கிறவர்கள் பெண்கள். பூத் தொடுக்க ஆணின் கைக்கு வராமலில்லை. கூலி இருந்தால் அது ஆண் வேலையாகிறது, கூலி இல்லாவிட்டால் பெண்ணின் இயல்பாகிறது.

இருட்டைப் பற்றியும் பேச வேண்டும். எங்களில் பலர் விடியுமுன் எழுந்து, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய் மல்லிகையும் முல்லையும் பறித்து, கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்கிறோம். பாம்பு இருக்கிற கொல்லை, ஆள் நடமாட்டம் இல்லாத பாதை. அந்த நேரத்தில் "பொட்டப்புள்ள தனியாப் போகுதே" என்று எவரும் தடுப்பதில்லை. அதே பெண் விடுதியில் தங்கிப் படித்தால், மாலை ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் இருக்கக்கூடாது. அவள் வகுப்புப் பையன் பத்து மணிக்கு விடுதிக்குத் திரும்பலாம். வேலைக்கு அனுப்பும்போது ஆபத்தாகத் தெரியாத இருட்டு, புத்தகம் படிக்கப் போகும்போது மட்டும் ஆபத்தாகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் இதைச் சொன்னால் நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஆண்களே, உங்களுக்கும் இதில் விடுதலை கிடைக்கவில்லை. அரியர் விழுந்ததற்கு அழுதவனை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஃபுட்போர்டில் தொங்காதவன், கைகலப்புக்கு வராதவன், மெல்லிய குரலில் பேசுகிறவன் முதலாம் ஆண்டிலேயே ஒரு பட்டப்பெயர் வாங்கிவிடுகிறான். பட்டம் வாங்கும் வரை அது கூடவே வருகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டியவன் மகன்தான் என்று வீடு முடிவெடுக்கிறது. இந்தச் சுமையும் யாரோ தூக்கி வைத்ததுதான்.

மனிதர் வைத்ததை மனிதர் இறக்கலாம் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பையன்களின் பெற்றோரே எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். வகுப்பில் அவரைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர்தான், பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவர்தான். துணித் திரை போய்விட்டது. பெஞ்சுகளுக்கு நடுவே விடுகிற இடைவெளியில் அது இன்னமும் இருக்கிறது.

1991-ல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க முனைந்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர் என்று பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆண்களுக்கானது என்று கடைக்காரர் விற்ற சைக்கிள், ஒரு தாய் ஏறிய நாளிலேயே அந்த அடையாளத்தை இழந்தது. கேலி பேசிய வாய்களும் சில மாதங்களில் ஓய்ந்தன. அந்தப் பெண்களின் பேத்திகளும் எங்களில் இருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் தனித்தனியே உட்கார வேண்டும், பேசக்கூடாது என்பதற்குப் பின்னால் ஒழுக்கத்தைவிடச் சாதியே அதிகம் இருக்கிறது. 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஈசன் பாதி, உமை பாதி நிற்கிற சன்னதி அது. 2022-ல் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. "பொண்ணுங்ககூட என்னடா பேச்சு" என்று வராந்தாவில் அதட்டுகிற குரல் அந்தக் கொலைக்குப் பொறுப்பில்லை என்று வைத்துக்கொண்டாலும், கொலைகாரர்கள் சொன்னதையே அது மெதுவாகச் சொல்கிறது. சாதியை விட்டுவிட்டுப் பாலினம் பேசுகிற இயக்கம் எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகளில் பாதி ஏற்கனவே சட்டமாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான கட்டுப்பாடு போடக்கூடாது என்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் புகார்களுக்கு உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் மூன்று பேர், அதுவும் வெளிப்படையான தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், குழுவில் உட்கார வேண்டும். எங்களில் யாரும் அப்படி ஒரு தேர்தலில் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. ஆகவே குழு உறுப்பினர்களின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லி மனு கொடுப்போம், தேர்தலும் கேட்போம். பதிவேட்டில் ஆண், பெண் பிரிவு நீங்கி ஒரே அகர வரிசை வர வேண்டும். ஆய்வகத்தில் கருவியும் ரெக்கார்டும் வாரம் மாறிக் கைமாற வேண்டும்.

திருநர்களை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றது. அதற்கு ஆறு வருஷம் முன்பே தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. அவர்கள் எந்த பெஞ்சில் உட்காருவது, எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தடுமாறித் தடுமாறிப் படிப்பை விட்டு ஓடினால் எங்கள் பிரகடனம் வெறும் காகிதம். அவர்கள் இந்த இயக்கத்துக்கு விருந்தாளிகள் இல்லை, முதல் உறுப்பினர்கள்.

எங்கள் கூட்டங்களுக்கும் விதி உண்டு. தலைமை, குறிப்பு எழுதுவது, டீ கொடுப்பது, நாற்காலி எடுத்துப் போடுவது எல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரும். சீட்டில் விழுந்ததை மாற்றிக்கொள்ள முடியாது. பெற்றோர் வரலாம், பேசலாம், மறுக்கலாம். கூட்டம் முடிய இருட்டிவிட்டால் பெண்ணை ஓர் ஆண் கொண்டுபோய் வீட்டில் விட வேண்டும் என்று நாங்கள் எழுதிவைக்கப் போவதில்லை. துணை வேண்டுகிறவர் கேட்கட்டும், ஆணாக இருந்தாலும் கேட்கட்டும், பக்கத்து ஊர்க்காரர் யாரோ அவர் கூடப் போவார்.