பெட்டி நிறைந்தால் நோட்டீஸ் திரும்பும்

வெள்ளிமலையில் சாமை, கடுக்காய் வாங்கும் கடைக்காரருக்கும் கள்ளக்குறிச்சி மொத்த வியாபாரிக்கும் பில்லும் நோட்டீசும் இன்று மின்னஞ்சலிலும் வருகின்றன. ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜி.பி. நாம் சேமிக்கும் செல்போன் படங்களும் அதற்குள்தான். நிறைந்துவிட்டால் புதுக் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். ஆனால் மின்னஞ்சலில் நோட்டீஸ் சார்பு செய்வதை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆவது பிரிவு ஏற்கிறது. பெட்டி நிறைந்திருந்தது என்று அதிகாரியிடம் சொல்லித்தான் பாருங்களேன்!

அதற்காகப் பில்களை அழித்துவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கு தாக்கலுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும்; வழக்கு நடந்தால் இன்னும் கூடும். முதலில் பென் டிரைவில் இரண்டு பிரதி எடுங்கள். பிறகு விளம்பரக் கடிதங்களையும் கல்யாண வீடியோக்களையும் தள்ளுங்கள். தள்ளியவை குப்பைத் தொட்டியில் 30 நாள் இடத்தை அடைத்தபடி கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டரில் அவுட்லுக் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. கடிதத்தை அழித்தாலும் கோப்பு உடனே சுருங்காது. மூட்டையை எடுத்தால் குடோன் சிறுத்துவிடுமா? 'காம்பாக்ட்' என்ற கட்டளை கொடுத்துச் சுருக்கலாம்.

கட்டணம் கட்டி இடம் வாங்கலாமே என்பார்கள். குப்பைக்கு எதற்கு வாடகை? ஜி.எஸ்.டி. பதிவில் கொடுத்திருப்பது ஆடிட்டரின் முகவரி என்றால், அவர் பெட்டியையும் விசாரித்துவிடுங்கள்.